சுடோகு என்னும் எண்புதிர்

பழனி மலைத்தொடரில், கோடைக்கானலுக்கு மேற்கே, கேரள எல்லையை அடுத்து அமைந்த சிற்றூர் கிளாவரை. அங்கு மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கிப் பயிர் செய்கின்றனர். அவ்வூர் உழவர் ஒருவர் மூன்று படிகளில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் ஆகிய மூன்றையும் படிக்கு ஒன்றாகப் பயிரிட்டுள்ளார் எனக் கொள்வோம். மேற்படியில் பூண்டும் நடுப்படியில் உருளைக்கிழங்கும் கண்ணுக்குத் தெரிகின்றன. கீழ்ப்படியையோ மூடுபனி மறைத்துள்ளது. ஆயினும், அங்கு விளைவது கேரட்டே என ஐயமின்றித் துணியலாம். இவ்வாறு பொருந்தாதவற்றை விலக்கி, எஞ்சியதை உண்மையெனக் கொள்ளும் முறையை நம் தருக்க நூலார் 'ஒழிபு' என்னும் அளவையாகக் கூறினர். வடநூலார் அதனைப் 'பாரிசேடம்' என்பர். இவ்வளவையையே உயிராகக் கொண்ட விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே சுடோகு என்னும் எண்புதிர்.

எண்களைக் கட்டங்களில் அமைத்து மகிழ்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு பிறந்த கணித மேதை இராமானுஜன், தம் குறிப்பேடுகளில் மாயச் சதுரங்களை ஆராய்ந்துள்ளார். எப்பக்கம் கூட்டினும் ஒரே தொகை வருவது மாயச் சதுரம். சுடோகுவிற்கோ கூட்டலும் வேண்டா, கழித்தலும் வேண்டா. ஓர் எண் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு முறையே வருமாறு அமைந்த 'இலத்தீன் சதுரம்' இதற்கு முன்னோடியாகும். அதனைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித அறிஞர் ஆராய்ந்தார். 1979-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் இன்றைய வடிவில் வெளிவந்த இப்புதிர், 1984-இல் ஜப்பானை அடைந்து, அங்கே சுடோகு என்னும் பெயரைப் பெற்றது. 2004-இல் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் இடம்பெற்றபின் உலகெங்கும் பரவியது.

இப்புதிரில் 9 நிரைகளும் 9 நிரல்களுமாக 81 கட்டங்கள் உள்ளன. இடமிருந்து வலமாகச் செல்வது நிரை; மேலிருந்து கீழாகச் செல்வது நிரல். ஒன்பது ஒன்பது கட்டங்களைத் தன்னுள் அடக்கிய பெருங்கட்டங்களும் ஒன்பது உண்டு. நிரை, நிரல், பெருங்கட்டம் ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒவ்வொரு முறையே வருதல் வேண்டும். சில எண்கள் முன்னரே தரப்பட்டிருக்கும். ஏனையவற்றை நாம் நிரப்புதல் வேண்டும்.

தொடக்கத்தில் மாணவர் கைக்கொள்ளத்தக்க வழிகள் நான்கு.

முதலாவது, ஏறத்தாழ நிரம்பிய வரிசையை நாடுதல். ஒரு நிரையில் 4, 9, 1, 7, 2, 8, 5, 3 ஆகியன இருப்பின், எஞ்சிய கட்டத்திற்கு உரியது 6 அன்றோ?

இரண்டாவது, ஓர் எண்ணுக்கு உரிய இடத்தைத் தேடுதல். மேலே அடுத்தடுத்துள்ள மூன்று பெருங்கட்டங்களை நோக்குக. இடப்பக்கத்துப் பெருங்கட்டத்தில் 7 முதல் நிரையிலும், நடுவில் உள்ளதில் இரண்டாம் நிரையிலும் இருக்கின்றன எனின், வலப்பக்கத்தில் அது மூன்றாம் நிரையிலேயே வருதல் வேண்டும். அந்நிரையில் அப்பெருங்கட்டத்திற்குரிய மூன்று கட்டங்களுள் ஒன்று முன்னரே நிரம்பியுள்ளது. மற்றொன்றின் நிரலில் ஏற்கெனவே 7 உள்ளது. ஆகவே, எஞ்சிய ஒன்றே 7-க்கு உரிய இடமாகும்.

மூன்றாவது, ஓர் இடத்திற்கு உரிய எண்ணைத் தேடுதல். ஒரு கட்டத்தின் நிரையில் 1, 3, 8. நிரலில் 2, 5, 9. பெருங்கட்டத்தில் 4, 7 ஆகியன இருப்பின், அங்கு வரத்தக்கது 6 ஒன்றே.

நான்காவது, வரத்தக்க எண்களைச் சிறிதாகக் குறித்து வைத்தல். ஒரு நிரையில் இரு கட்டங்களுக்கு மட்டும் 2, 5 என்னும் இரண்டே பொருந்துமாயின், அவ்விரண்டும் அக்கட்டங்களுக்கே உரியவை. எது எதில் அமையும் என்பது தெரியாவிடினும், அந்நிரையின் பிற கட்டங்களிலிருந்து 2, 5 ஆகியவற்றை நீக்கிவிடலாம்.

இந்நான்கு வழிகளிலும் ஊகத்திற்கு இடமில்லை. '6 ஆக இருக்கலாம்' என எண்ணி எழுதியவன், அப்போதைக்கு விரைந்து செல்வான். பிழையோ இருபது கட்டங்கள் கடந்தபின் தலைகாட்டும். ஒரே நிரையில் இரண்டு 4 வந்து நிற்கும். அப்போது மெய்யாக உணர்ந்து எழுதியது எது, ஊகித்து எழுதியது எது எனப் பிரித்தறிய இயலாது. அனைத்தையும் அழித்து மீண்டும் தொடங்க நேரும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இங்கும் பொருந்தும். ஓர் எண்ணை எழுதுமுன், 'வேறு எதுவும் இங்கு ஏன் வாராது?' எனத் தன்னைத் தானே வினவி விடை காண்பவனுக்கு இத்துன்பம் இல்லை.

ஒழிபளவைக்கு வலிமையும் உண்டு; எல்லையும் உண்டு. எல்லாவற்றையும் ஆராய்ந்து விலக்கிய வழியே எஞ்சியது உண்மையாகும். ஒன்றை ஆராயாமல் விலக்கினும் முடிவு பிழைபடும். நோயின் காரணத்தைத் தேடும் மருத்துவரும், வழக்கின் உண்மையைத் தேடும் நீதிபதியும் கடைப்பிடிக்க வேண்டிய நெறி இதுவே. அவர்கள் பிழைபடின் பிறர் உயிரும் உரிமையும் கெடும். புதிரில் பிழைபடின் ஒரு தாளே கெடும். ஆதலின், ஆராய்ந்து துணியும் பழக்கத்தை மாணவர் இளமையிலேயே இத்தகைய விளையாட்டின் வாயிலாகப் பெறுதல் நன்று.