படிக்கட்டை உடைக்காதீர்கள்!

கேள்வி: 'செவன் டேஸ் டு டை' விளையாடுகிறேன். மரத்தூண்கள் மேல் வீடு கட்டி, ஏழாம் நாள் ராத்திரி மேலே ஏறியதும் படிக்கட்டை உடைத்துவிடுவேன். அப்படியும் ஜோம்பிகள் தூணை அடித்து அடித்து வீட்டையே சாய்த்துவிடுகின்றன. தூணைக் கான்கிரீட் ஆக்கினால் போதுமா? படியை விட்டுவைத்தால் ஏறி வந்துவிடாதா?
- கல்லூரி மாணவர், ஜமுனாமரத்தூர்

பதில்: ஏறி வரட்டும், தம்பி. வரத்தான் படியே.

இந்த விளையாட்டில் ஜோம்பி கண்மூடித்தனமாக ஓடி வருவதில்லை. நீங்கள் நிற்கும் இடத்துக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால், கொஞ்சம் சுற்றுவழியானாலும் அதில்தான் வரும். இல்லையென்றால்தான் சுவரிலும் தூணிலும் கை வைக்கும். படியை உடைத்த நொடியில் 'தூணை அடி' என்று நீங்களே அதற்குச் சொல்லிவிடுகிறீர்கள். கான்கிரீட் போட்டால் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். ஏழாம் நாளின் ரத்த நிலா இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை நாலு வரை போகிறதே!

படியை உடைக்கும் பழக்கம் 'ப்ராஜெக்ட் ஸோம்பாய்டு' ஆடுகிறவர்களிடமிருந்து உங்களுக்குத் தொற்றியிருக்கலாம். அங்கே அது சரி. சம்மட்டியால் படியைத் தகர்த்துவிட்டு, ஜன்னலில் போர்வைக் கயிறு கட்டி ஏறி இறங்கலாம். கயிற்றில் ஏற ஜோம்பிக்குத் தெரியாது. கீழே தூணை உடைத்து மாடியைச் சரிக்கும் வேலையும் அங்கே கிடையாது.

வழியைத் துண்டிப்பது எங்கே பலிக்கும் என்று தெரிய, போளூர், திருவண்ணாமலை வழியாக ஒருநாள் செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டை மலை ஏறிப் பாருங்கள். வழி நெடுக வாசல்கள், மூச்சு வாங்க வைக்கும் படிகள். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். அதைக் கடக்க ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வேறு வழியில்லை. 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார். கடைசியில் கோட்டை விழுந்தது, ஆனால் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிவிட்டார். (அந்த எட்டு வருஷத்துக்கும் பாறையையே காரணம் சொல்ல முடியாது, தளபதிக்கே அவசரம் இல்லை என்று பேச்சு உண்டு. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதே கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தார்கள்.)

செஞ்சியில் வழியைத் துண்டிக்க முடிந்தது, ஏனென்றால் காலடியில் இருந்தது மலை. அதை யார் அடித்துச் சாய்ப்பது? உங்கள் காலடியில் இருப்பது நாலு மரத்தூண். அதனால் செஞ்சியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பாலத்தை இழுக்கும் வேலையை அல்ல, ஒரே வழியில் வரவைக்கும் வேலையை.

வீட்டை ஒட்டிப் படி வைக்காதீர்கள். நாலைந்து பிளாக் தள்ளி வைத்து, படி முடியும் இடத்திலிருந்து வீடு வரை ஒரு பிளாக் அகலத்தில் நடைபாலம் போடுங்கள். வீட்டுக்கு முன்னால் ஒரே ஒரு பிளாக் இடைவெளி விடுங்கள். தாண்டிவிடலாம் என்று நம்பி ஜோம்பி வரும். கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று அடித்தால் கீழே விழும், எழுந்து மறுபடி படிக்கே போகும். பேராசைப்பட்டு இடைவெளியை அகலமாக்கினீர்களோ, வழி அறுந்தது என்று கணக்குப் போட்டுத் தூணுக்குத் திரும்பிவிடும். படியையும் பாலத்தையும் மரத்தோடு விடாமல் கல்லுக்காவது மாற்றுங்கள். நெரிசலில் அவற்றுக்கும் அடி விழும்.

படியின் இன்னொரு லாபம், ஏறி வருகிறவனின் தலைதான் முதலில் தெரியும். பிற்பாடு வரப்போகும் டெமாலிஷர் ஜோம்பிக்கு இது ரொம்ப முக்கியம். அவன் நெஞ்சில் அடி பட்டால் கட்டியிருக்கும் வெடி கிளம்பிவிடும். தலையை மட்டும் குறிவையுங்கள். போலீஸ் ஜோம்பி மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு அடங்காது. தூரத்திலிருந்தே துப்பும், அடிபட்டால் ஓடி வந்து வெடிக்கும். அதற்கு ஒரு துப்பாக்கியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், படியில் கால் வைக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஏழாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். பகலில் ஒற்றை ஜோம்பியை இழுத்து வந்து, மேலே நின்று பாருங்கள். படிக்குப் போகாமல் தூணைச் சுற்றினால் எங்கோ வழி விட்டுப்போயிருக்கிறது. முதலில் அந்த ஒரு பிளாக் இடைவெளியை அளந்து பாருங்கள்.