மைனஸ் 141 மார்க் வாங்கிய வாக்கியம்

போன வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு, போன்ல இருந்தே கிணற்று மோட்டாரை ஆன், ஆஃப் பண்ற ஒரு பெட்டி செஞ்சோம். ஊர்ல பெரியப்பா தோட்டத்துலதான் மாட்டிப் பார்த்தோம். கூடவே தமிழில் ஒரு பக்கம் குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் தெரியும்னு காட்டிக்கணுமே! அதில் ஒரு வரி:

"கிணற்றில் தண்ணீர் குறைந்திருக்கும்போது மோட்டாரை இயக்குவதைத் தவிர்க்காவிட்டால் பழுதடைவதற்கான வாய்ப்பு இல்லாமல் இல்லை."

பெரியப்பா மூணு தடவை படிச்சிட்டு போன் பண்ணார். "தம்பி, மோட்டார் போடணுமா, வேணாமா?"

நல்லவேளை, கேட்டார். தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் சூடாகி சீல் போயிடும்.

எழுத்து எளிதா இருக்கான்னு அளக்க ஆங்கிலத்தில் ஒரு ஃபார்முலா உண்டு. ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948-ல் வெளியிட்டது. 206.835-லிருந்து இரண்டைக் கழிக்கணும்: வாக்கியத்துக்குச் சராசரியா எத்தனை வார்த்தையோ அதை 1.015-ஆல் பெருக்கி வருவது ஒன்று. வார்த்தைக்கு எத்தனை அசையோ அதை 84.6-ஆல் பெருக்கி வருவது இன்னொன்று. 60-க்கு மேல் வந்தால் எளிய நடை. 1975-ல் அமெரிக்கக் கடற்படைக்காக இதை வகுப்புக் கணக்கா மாத்தினாங்க. அங்கேயும் இதே மாதிரி மெஷின் கையேடு பிரச்சனைதான்!

என் வரியைப் போட்டுப் பார்த்தேன். 10 வார்த்தை, 40 அசை. (யாப்பிலக்கண அசை இல்லை, பயப்படாதீங்க. உயிரொலியை எண்ணினா போதும்.) விடை மைனஸ் 141.7.

சரின்னு மாத்தி எழுதினேன்: "கிணற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் மோட்டார் போட வேண்டாம். மோட்டார் கெட்டுவிடும்." சின்னப் பையனுக்கும் புரியும். ஆனா இதுக்கும் மைனஸ் 23! ஏன்னா அந்த எண்கள் ஆங்கிலத்துக்காகக் கணக்கிட்டவை. ஆங்கிலத்தில் மூணு நாலு வார்த்தையா நிற்பது, தமிழில் விகுதிகளோடு ஒட்டி ஒரே வார்த்தையா வந்துடும். அதனால தமிழுக்கு அந்த மார்க்கைப் பார்த்து சந்தோஷமும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

நான் கையால பார்த்தது வேற. முதல்ல மறுப்புகளை எண்ணினேன். 'தவிர்', அதோட ஒரு 'ஆ', அப்புறம் 'இல்லாமல்', 'இல்லை'. ஒரே வரியில் நாலு! படிக்கிறவர் ஒவ்வொண்ணையும் மனசுல திருப்பிப் போட்டுப் பார்க்கணும். அடுத்தது, தமிழில் வினை கடைசியில்தான் வரும். வாக்கியம் நீள நீள, என்ன செய்யணும்னு தெரியாமலே முழுசையும் தூக்கிட்டு நடக்கணும். உடைச்சா பாரம் இறங்கும். கடைசியா, தோட்டத்துல யாரும் 'மோட்டாரை இயக்கு'ன்னு சொல்றதில்லை, 'மோட்டார் போடு'தான். சத்தமா வாசிச்சுப் பார்த்தாலே இது மாட்டிக்கும். நான் வாசிக்கலை.

புது வரியைப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் கேள்வி: "குறைவுன்னா எவ்ளோ?"

பழைய வரியில் இந்த ஓட்டை இருந்தது எனக்கே தெரியலை. அவரே சொன்னார்: "ஃபுட் வால்வுக்கு மேல ரெண்டு அடியாவது தண்ணி இருக்கணும்னு எழுதுடா." அப்படியே எழுதினேன்.