கச்சான் காலத்தில் வீட்டுக் குளிர்ச்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதி எந்தத் திசைக்குப் போகிறதோ, ஏறத்தாழ அந்தத் திசையிலிருந்துதான் கச்சான் காற்றும் வருகிறது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே மழையைக் கொட்டி முடித்துவிடுகிறது. கிழக்குச் சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை வீதம் சூடேறி, காய்ந்த அனலாக ஏறாவூர்ப் பற்றுக்கு வந்து சேர்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை இங்கே ஃபேன், கூலர், ஏசி பற்றிய பேச்சுத்தான்.

அந்தப் பேச்சில் பாதி பிழை. முன்பு பிழைக்கு விலை குறைவு. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியது. அதன்பின் இறங்கியும் ஏறியும் வந்தாலும், பில்லைப் பார்க்காமல் சுவிச்சைப் போடும் பழக்கம் போய்விட்டது. ஆகவே அதிகம் காதில் விழும் ஆறு நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: “ஜன்னலெல்லாம் திறந்து வச்சாத்தான் வீடு குளிரும்.”

உண்மை: அது கூரையைப் பொறுத்தது. ஓட்டுக் கூரையும் சீலிங்கும் உள்ள வீட்டில், கச்சான் நாளின் நண்பகலில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தது. அப்போது மேற்கு, தென்மேற்கு ஜன்னல்களைத் திறந்தால் அனலை வரவேற்பதாகவே முடியும். காலை பத்து மணிக்கு முன் அவற்றைச் சாத்தி, வெயில் சாய்ந்து வெளிக்காற்று தணிந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். சீலிங் இல்லாத சீற் வீட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே உள்ளேதான் வெளியைவிடச் சூடு, எனவே பகலிலும் திறந்து வைப்பதே சரி.

நம்பிக்கை 2: “ஏசி பூட்டினா கூரையைப் பத்தி யோசிக்கத் தேவையில்ல.”

உண்மை: நம் வீடுகளில் வெப்பம் நுழையும் பெரிய வாசல் கூரை. உச்சி வெயிலில் காயும் சீற் கீழ்நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். சீலிங் இல்லாத அறையில் ஏசி ஓடினால், அது அந்தச் சீற்றோடு நாள்முழுக்க மல்லுக்கட்டும். கொங்கிறீற் தட்டு வேறு மாதிரி. பகலில் வாங்கிய வெப்பத்தைச் சேர்த்து வைத்து, நாம் படுக்கும் நேரத்தில் இறக்கும்.

சீலிங், அதற்கு மேல் பளபளக்கும் அலுமினியத் தாள், கூரையின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சு ஆகிய மூன்றில் எதைச் செய்தாலும் வித்தியாசம் தெரியும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் மாரி மழையில் கழுவுண்டு போகும். அடுத்த கோடைக்கு முன் திரும்பப் பூச வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற்றைக் காய்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்கவோ துளைக்கவோ கூடாது, அதன் தூசு புற்றுநோய் தரும். சீற்றுக்கு மேலே கிடுகு பரப்புவதும் நல்ல வழிதான். ஆனால் 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட ஊர் இது. நன்றாக இழுத்துக் கட்ட வேண்டும், மாரிக்கு முன் இறக்கிவிட வேண்டும். காய்ந்த கிடுகில் தீப்பொறி படாமலும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 3: “ஃபேன் ஓடினா அறை குளிரும்.”

உண்மை: ஃபேன் குளிர்விப்பது ஆளை. வியர்வை ஆவியாக உதவுவதுதான் அதன் வேலை. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன், தன் மோட்டரின் சூட்டைத்தான் அறைக்குச் சேர்க்கிறது. வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் ஃபேன் உடலை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. நம் பகுதிக் கோடைப் பகல் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் என்பதால் இங்கே அது உதவும் கருவியே.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடனே புதிது வாங்கவும் வேண்டாம், மோட்டர் கட்டக் கொடுக்கவும் வேண்டாம். பல தடவை தேய்ந்திருப்பது கெப்பாசிட்டர்தான். மெயின் சுவிச்சை நிறுத்தி, தெரிந்தவரைக் கொண்டு மாற்றினால் சிறு செலவில் முடியும். புதிது வாங்குவதென்றால் கணக்கைப் பாருங்கள். பழைய 75 வாட் ஃபேன் நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதம் 27 யுனிட். பிரஷ் இல்லாத புதுவகை மோட்டர் பூட்டிய ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும், மாதம் 11 யுனிட்டுக்குள் முடியும். 60 யுனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண வரிசைக்குள் போகும் நம் பில்லில், இரண்டு ஃபேனில் மிஞ்சும் 32 யுனிட் சின்ன விஷயமல்ல.

நம்பிக்கை 4: “கூலரும் ஏசியும் ஒண்டுதான், கூலர் மலிவு.”

உண்மை: கூலர் நீரை ஆவியாக்கிக் குளிர் தருகிறது. காற்று காய்ந்திருந்தால்தான் நீர் ஆவியாகும். கச்சான் வீசும் பகலில் அது ஓரளவு வேலை செய்யும், ஜன்னலில் நனைந்த சாக்கைத் தொங்கவிடுவதும் இதே தத்துவம்தான். மழைக்காலத்திலும், வாவிக்கரையின் புழுக்கமான இரவுகளிலும் அதே கூலர் அறையில் ஈரத்தைத்தான் கூட்டும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் கச்சானிலும் பயனில்லை.

நம்பிக்கை 5: “16ல வச்சா அறை கெதியாக் குளிரும்.”

உண்மை: ரிமோட்டில் நாம் சொல்வது எங்கே நிற்பது என்பதை மட்டுமே. சாதாரண ஏசியின் கம்ப்ரஸர் 26லும் 16லும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16ல் வைத்தால் நிற்காமல் ஓடும். இன்வேர்ட்டர் ஏசியும் சூடான அறையில் தொடக்கத்தில் தானாகவே முழு வேகம் எடுக்கும். 26ல் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் தூங்கப் போதும். “பெரிய ஏசி நல்லது” என்பதும் இதே வகை. சின்ன அறைக்குப் பெரிய ஏசி பூட்டினால் அது சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரம் வடிய நேரம் கிடைக்காது, குளிரிலும் பிசுபிசுப்பு மிஞ்சும்.

நம்பிக்கை 6: “வருசத்துக்கொருக்கா கேஸ் அடிக்க வேணும்.”

உண்மை: ஏசியின் கேஸ் எரிபொருள் அல்ல, தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பது வருடாவருடம் பணத்தைக் காற்றில் விடுவது. களுவன்கேணி போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று வெளி யுனிட்டின் தகடுகளை அரிக்கும். அதை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உள் யுனிட்டின் ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது நீங்களே கழுவலாம். குளிர் குறைவதற்கு அடைபட்ட ஃபில்டரே பெரும்பாலும் காரணம். உள்ளே தண்ணீர் சொட்டினால் முதலில் வடிகுழாய் அடைப்பைப் பாருங்கள்.

பழைய ஆர்-22 ஏசி வைத்திருப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஓசோனைக் கெடுக்கும் அந்த கேஸ் மொன்றியல் உடன்படிக்கையின்படி ஒழிக்கப்பட்டு வருகிறது. அதற்குப் பதில் ஆர்-32ஐ அதே இயந்திரத்தில் அடைப்பது ஆபத்து. அதன் அழுத்தம் கூட, தீப்பற்றவும் கூடியது. இப்படிப்பட்ட ஏசியில் பெரிய கசிவு வந்தால் திருத்துவதைவிட மாற்றுவதே மேல்.

ஆறையும் சேர்த்துப் பார்த்தால் செலவுக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும். முதல் காசு கூரைக்கும் சீலிங்குக்கும். இரண்டாவது, இருக்கிற ஃபேனையும் ஏசியையும் சுத்தமாக வைக்க. மூன்றாவது, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ஃபேனுக்கு. இவ்வளவும் செய்த பிறகும் தூக்கம் வராவிட்டால், அல்லது வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ நோயாளியோ இருந்தால், படுக்கையறை ஒன்றுக்கு மட்டும் அளவான இன்வேர்ட்டர் ஏசி, தனி வயரும் தனி பிரேக்கரும் போட்டு. ஒன்பதாயிரம் பீ.டி.யூ. அளவுள்ள ஏசிகூட இரவுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 100 யுனிட்டைத் தாண்டுவது சாதாரணம். கூரையைச் சரிசெய்த வீட்டில் அந்தக் கணக்கு இறங்கும். சில வீடுகளில் ஏசி வாங்கும் தேவையே இல்லாமல் போகும்.