பற்றரி 'தீப்பிடிக்காது' என்கிறார்களா?

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கியபின், மாத்தளையிலும் தம்புள்ளையிலும் மின்சார வாகனம் வாங்க விசாரிப்பவர்களுக்கு இந்த வாக்குறுதி கேட்டுப் பழகியிருக்கும்.

செய்ய வேண்டியவை

• எந்தச் சோதனையில் தேறியது என்று கேளுங்கள். காருக்கு ஐ.நா. ஆர்100, இருசக்கர வண்டிக்கு ஆர்136, இந்திய ஸ்கூட்டருக்கு ஏஐஎஸ்-156. யூஎன் 38.3 தாளை மட்டும் நீட்டினால் ஏமாறாதீர்கள். அது பற்றரியைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி அனுப்புவதற்கான சோதனை.

• தாளிலுள்ள மாடல் இலக்கமும் பற்றரியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். 2025இல் பிவைடி கார்களின் தாளில் காட்டிய மோட்டார் திறன் பற்றியே சுங்கத் திணைக்களத்துக்குச் சந்தேகம் வந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தாளைச் சரிபார்த்தால் யாரும் கோபிக்கக்கூடாது.

• பற்றரி எல்எஃப்பி வகையா, என்எம்சி வகையா என்று கேளுங்கள். எல்எஃப்பி மற்றதைவிட அதிக வெப்பம் தாங்கும். அதற்காக அது எரியவே எரியாது என்பதில்லை.

• வாய்ப்பேச்சை பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். வாங்கியபின் தகராறு என்றால் நுகர்வோர் அதிகாரசபை: 1977.

செய்யக்கூடாதவை

• ஆணி அடிக்கும் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2020இல் பிவைடி தன் பிளேட் பற்றரியில் ஆணி இறக்கிக் காட்டியது, புகைகூட வரவில்லை. கடினமான சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் மலிவு சார்ஜரையும் மழைநீர் புகுந்த பெட்டியையும் பற்றி அந்த ஆணி எதுவும் சொல்லாது.

• திருப்பியழைத்த கம்பெனி என்று ஒதுக்காதீர்கள். 2021இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் போல்ட் கார்கள் அனைத்தையும் பற்றரிக் குறைக்காகத் திருப்பியழைத்தது. குறையை ஒப்புக்கொள்பவரை நான் கூடுதலாக நம்புவேன்.

• எவ்வளவு நல்ல சான்றிதழ் இருந்தாலும், எல்லோரும் தூங்கும்போது வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள். 2022 மார்ச்சில் இந்தியாவின் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். லயத்து வீட்டில் வாசலை அடைத்து ஸ்கூட்டரை நிறுத்தவே கூடாது. தப்பி ஓட வேறு வழி இருக்காது.

• விழுந்த, வீங்கிய, நீரில் மூழ்கிய பற்றரியைச் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள்.

• எரியும் ஸ்கூட்டரை இழுத்து வெளியே போட முயலாதீர்கள். புகை நஞ்சு. ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புப் பிரிவுக்கு 110ஐ அழையுங்கள். அணைந்த பற்றரி மணிக்கணக்கு கழிந்தும் மறுபடி பற்றக்கூடும். அதைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.