கொழுந்துக் கொப்பியும் மண்கும்பான் கிணறும்



"டேட்டா வேலையா? அதெல்லாம் பெரிய படிப்புப் படிச்ச பிள்ளைங்களுக்குங்க. நமக்குக் கணக்கே வராது." லயத்துக்கு லயம் நாம் கேட்கிற பதில் இதுதான். இதைச் சொல்கிற அம்மாவே பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நின்று, தராசைப் பார்த்த கண்ணை எடுக்காமல், "ஐயா, பத்தொன்பது காட்டிச்சே, பதினெட்டுன்னு எழுதுறீங்களே?" என்று கேட்கிறார். கணக்கு வராதவர் கேட்கிற கேள்வியா இது?

டேட்டா என்பதைத் தமிழில் தரவு என்கிறார்கள். எண்ணி, அளந்து, எழுதி வைத்த விபரம், அவ்வளவுதான். அதை வாசித்து, இது சரியா, இதில் எது விட்டுப் போயிருக்கு, இதை வைத்து என்ன முடிவு எடுக்கலாம் என்று யோசிக்கத் தெரிந்தால் தரவு வேலைக்கு வேண்டிய முதல் திறமை உங்களிடம் இருக்கிறது. கம்பியூட்டர் அதற்குப் பிறகு வருகிற சாமான்.

இதை விளங்கிக்கொள்ள மலையை விட்டுக் கொஞ்சம் கடற்கரைக்குப் போய் வருவோம். நம்மவர் பலருக்குக் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் போய்க் குடியேறியவர்கள். அதையும் தாண்டி யாழ்ப்பாணம் போய், பண்ணைக் கடலுக்கு நடுவே போகிற ரோட்டில் அல்லைப்பிட்டி வழியாகப் போனால், வேலணைத் தீவில் மண்கும்பான் என்ற ஊர் வரும். பேரிலேயே மண் இருக்கிறது. மணல் மேடுகள் உள்ள ஊர். சுற்றிவரக் கடல், ஆறும் இல்லை, நம்ம ஊர் மாதிரிப் பீலித் தண்ணியும் இல்லை. நம் மேற்கு மலைச்சரிவில் சில இடங்களில் வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்தப் பக்கம் அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும்.

அப்படியானால் குடிக்கத் தண்ணீர் ஏது? மணலுக்குள்ளே இருக்கிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கிற கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைவு. தண்ணி மேல் தேங்காயெண்ணெய் நிற்கிற மாதிரி என்று வையுங்கள். ஆனால் எண்ணெய் கலக்காது, இது கலந்துவிடும். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஒல்லாந்துக்காரர் கைபனும், 1901இல் ஜெர்மன்காரர் ஹேர்ட்ஸ்பேர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு இறைத்து மேலே அரை அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு 20 அடி மேலே வரப் பார்க்கும்! மணலை அள்ளி லொறியில் ஏற்றினால் தண்ணீரைப் பிடித்து வைக்கிற பாத்திரமே போய்விடும்.

இப்படியான மணல் ஊரில் தண்ணி அள்ளுகிற ஒருவருக்கு என்னென்ன தெரியும்? பங்குனியில் கயிறு எத்தனை முழம் இறங்கியது, ஆவணியில் எத்தனை முழம் இறங்குகிறது, எந்தக் கிணறு முதலில் கரிக்கத் தொடங்கும், பக்கத்து வளவில் மோட்டார் ஓடினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் தெரியும். உப்பில் இருக்கிற குளோரைட் ஒரு லீற்றரில் சுமார் 250 மில்லிகிராமைத் தாண்டினால் மனித நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆக, நாக்கும் ஒரு கருவிதான். ஆனால் நாக்கு எழுதி வைக்காதே! "போன வருஷத்தை விட இப்ப கரிக்குது" என்று சொன்னால் எந்தக் கந்தோரிலும் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். எந்தக் கிணறு, எந்தத் தேதி, கயிறு எத்தனை முழம், மழை பெய்து எத்தனை நாள் என்று ஒரு கொப்பியில் இரண்டு வருஷம் எழுதிக் கொண்டுபோய் வைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அறிவு தரவாக மாறுகிற இடம் அந்தக் கொப்பிதான்.

இப்போது நம்ம மடுவத்துக்குத் திரும்புவோம். ஒரு அம்மாவின் ஒரு வாரக் கொழுந்துக் கணக்கு இப்படி என்று வைத்துக்கொள்வோம்: திங்கள் 17 கிலோ, செவ்வாய் 19, புதன் 6, வியாழன் 18, வெள்ளி 20, சனி 16. கூட்டினால் 96. ஆறால் பிரித்தால் சராசரி 16 கிலோ. கணக்குப் பிழையில்லை. ஆனால் கொப்பியைப் பாருங்கள், புதனைத் தவிர எந்த நாளும் 16க்குக் கீழே போகவில்லையே! புதனை விட்டுவிட்டுப் பார்த்தால் ஐந்து நாளுக்கு 90, சராசரி 18. சின்னதிலிருந்து பெரிசாக வரிசைப்படுத்தினால் 6, 16, 17, 18, 19, 20. நடுவில் நிற்பது 17உம் 18உம், அதாவது பதினேழரை. இதற்கு இடையம் என்று பெயர். ஒரு நாள் கோணலாகப் போனாலும் இடையம் அவ்வளவு ஆடாது.

புதனுக்கு என்ன நடந்தது? இதுதான் பாடத்தின் முக்கியமான இடம். மழைக்கு அரைப்பேரோடு வந்துவிட்டாரா? பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரா? இல்லை, 16 என்று எழுதப் போய் ஒன்று விட்டுப் போய் 6 ஆகிவிட்டதா? அப்படியானால் பத்துக் கிலோ போச்சு. எண்ணை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது, ஆளைக் கேட்க வேண்டும். கோணலான எண்ணைக் கண்டதும் அழித்துவிடுகிறவர் தரவு வேலைக்கு ஆகமாட்டார். அப்படியே நம்பிவிடுகிறவரும் ஆகமாட்டார். "இது ஏன் இப்படி?" என்று விசாரிக்கிற ஆளைத்தான் பெரிய கம்பனிகளும் தேடுகின்றன. அந்த விசாரிப்பு நம் பெண்களுக்குப் பழக்கமான விஷயம்.

விசாரித்தே பேர் வாங்கிய ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதுவும் கிணற்றுக் கதைதான். 1854இல் லண்டனில் பிரோட் தெரு என்ற இடத்தில் வாந்திபேதி வந்து பத்து நாளில் 500 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். கெட்ட காற்றால் வருகிற நோய் என்று பெரிய டாக்டர்மார் சொன்ன காலம். ஜோன் ஸ்னோ என்ற டாக்டர் சாவு நடந்த வீடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார். ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றித்தான் குறிகள் நெருங்கி நின்றன. அதோடு அவர் நிற்கவில்லை. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பியர் ஆலைத் தொழிலாளர்கள் ஏன் சாகவில்லை என்று போய்க் கேட்டார். அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைத் தொடுவதில்லை, ஆலையில் கொடுக்கிற பியரும் ஆலைக்குள் இருந்த கிணறும் போதும் என்று பதில் வந்தது. செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். செத்தவரை எண்ணினதை விட, சாகாதவரைப் போய்க் கேட்டதுதான் பெரிய கெட்டித்தனம் என்பது நமது எண்ணம். இந்த ஸ்னோ யார்? யோர்க் நகரத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகன்.

எழுத்தில் இல்லாததால் நாம் பட்ட பாடும் கொஞ்சமில்லை. 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில், 1946 ஜனவரி 1க்கு முன் கல்யாணம் ஆனவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததைக் காட்டச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து இங்கே கொழுந்து எடுத்தவரிடம் துண்டுக் கடதாசி இல்லை. 2003இல் வேறு சட்டம் வரும்வரை பலருக்கு இழுபறிதான். தீவுப் பக்கமும் வேறு விதத்தில் இதே கதை. 1981க்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில் சனத்தொகைக் கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது 2012இல்தான். நடுவில் 31 வருஷம்!

சரி, உங்களிடம் இந்தத் திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளையின் நிறைக் கார்ட்டைப் பார்த்து "கோடு மேல போகாம படுத்துக்கிச்சே" என்று மருத்துவிச்சி அம்மா சொல்வதற்கு முன்னமே கவலைப்பட்டிருக்கிறீர்களா? அதுதான் வரைபு வாசிப்பு. சம்பளச் சீட்டில் 30,000 ரூபாய்க்கு ஈபிஎப் 8 வீதம் 2,400 வெட்டியிருக்கு, தோட்டம் 12 வீதம் 3,600 போட்டதா என்று தேடியிருக்கிறீர்களா? ஈடிஎப் 3 வீதம் தோட்டம் தன் பணத்தில் கட்ட வேண்டியது, நம் சம்பளத்தில் வெட்டக் கூடாது என்று யாருக்காவது விளங்கப்படுத்தியிருக்கிறீர்களா? சீட்டுக் காசில் யார் எப்போது எடுத்தார், மீதி எவ்வளவு என்று கேட்டவுடன் சொல்வீர்களா? இதில் இரண்டுக்கு "ஆமாம்" என்றால் அடுத்த பந்தியைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி, தங்கச்சி! கொப்பி எழுதினதற்காக யாரும் வேலை தரமாட்டார்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறோம். சாதாரண தரத்தில் கணிதத்தைக் கைவிடாதீர்கள். கம்பியூட்டரில் எக்செல் பழகுங்கள். கூட்டவும், வரிசைப்படுத்தவும், வரைபு போடவும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். தேசிய தொழில் தகைமை முறையில் தகவல் தொழினுட்பத்துக்கும் சான்றிதழ் உண்டு. வேலையிலேயே கற்றுக்கொண்டவரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வழியும் அதில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று கேட்டால் சொல்வார்கள். உயர்தரத்தில் கணிதத்தில் நன்றாகச் செய்தால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் புள்ளிவிபரவியல் படிக்கலாம். வேலை எங்கே என்றால் ஆஸ்பத்திரிப் பதிவு, ஆடைத் தொழிற்சாலை உற்பத்திக் கணக்கு, வங்கி, கணக்கெடுப்பு, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் என்று பல இடம். நேர்முகத்தில் "அனுபவம் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்று தலை குனிய வேண்டாம். "ஆறு மாசம் அம்மாவின் கொழுந்து நிறையை எழுதிச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டேன், மூன்று இடத்தில் வித்தியாசம் கண்டேன், காரணம் இது" என்று கொப்பியை எடுத்துக் காட்டுங்கள்.

இந்த மாதப் பயிற்சி: நாற்பது பக்கக் கொப்பியில் ஐந்து கோடு இழுங்கள். திகதி, மலை நம்பர், காலை நிறை, பின்னேர நிறை, குறிப்பு. தண்ணிக்கும் சாக்குக்கும் கழித்த கிலோவைக் குறிப்பில் தனியாக எழுதுங்கள். எடுக்காத நாளையும் வெறுமையாக விடாமல் "லீவு", "மழை" என்று காரணம் போடுங்கள். வெறுமையான இடமும் பூச்சியமும் ஒன்றில்லை. சம்பளச் சீட்டு வந்த அன்று இரண்டையும் விளக்கடியில் பக்கத்தில் வைத்து, ஒத்துவராத நாளுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள்.