வராதவர்களின் கணக்கு

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுவது. போனில் நீ அழுதபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அறுபது நாற்காலி போட்டு, ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சுற்றியும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கேம்புக்குப் பதினோரு பேர்தான் வந்தார்கள் என்றாய். “இந்த ஊரெல்லாம் திருந்தாது சித்தி” என்றாய். வராதவர்களைப் பற்றியே அரைமணி நேரம் பேசினாய். வந்த பதினோரு பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வு உனக்குத் தெரிந்திருக்கும். அம்பிளிக்கை மருத்துவமனைக்காரர்களும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தியது. நீ செய்கிற அதே சோதனைதான்: அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது. பார்த்தவர்களும் உன்னைப் போலப் பயிற்சி பெற்ற நர்சுகளே. சோதனைக்கு எடுத்துக்கொண்ட பஞ்சாயத்துகளில் 30 முதல் 59 வயதுக்குள் 49,311 பெண்கள் இருந்தார்கள். வந்தது 31,343 பேர். அத்தனை ஆள்பலத்தோடு வீடு வீடாகப் போய் அழைத்தும் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் வரவே இல்லை! ஆனாலும் 2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானபோது, இந்த நோயால் வரும் சாவு சோதனை நடக்காத மற்றப் பஞ்சாயத்துகளைவிட அங்கே 35 சதவீதம் குறைந்திருந்தது. வராதவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. வந்தவர்களால் மட்டுமே அவ்வளவு குறைந்தது.

இன்னொன்றும் நீ புரிந்துகொள்ள வேண்டும். பிரசவம் பார்த்தால் கையில் பிள்ளையைக் கொடுக்கிறோம். அந்த வீடு நம்மைக் காலத்துக்கும் மறக்காது. இந்த வேலையில் அது கிடையாது. திட்டு புற்றாக மாறப் பத்து வருஷம், அதற்கு மேலும் ஆகும். இன்றைக்கு நீ கண்டுபிடித்து, உறைய வைத்து அழித்துவிட்டால் அவளுக்கு எதுவுமே நடக்காது. நடக்காத ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்லுவார்கள்? கும்பிடு எதிர்பார்த்தால் நீ பிரசவ வார்டுக்கே மாற்றல் கேட்டுக்கொள், தப்பில்லை.

இருப்பதாக இருந்தால், முதலில் அந்த மைக்கை நிறுத்து. யார் கொடுத்த யோசனையோ அது! தெரு முழுக்கக் கேட்கும்படி இதைச் சொல்லிவிட்டு ஒருத்தி கிளம்பி வந்தால், “அவளுக்கு என்னமோ வியாதியாம்” என்று பேச்சு கிளம்பாதா? நம் பெண்கள் பயந்தது சோதனைக்கு மட்டுமல்ல. வலி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்களுக்குப் பழக்கமில்லை. பிள்ளை பெற்று முடித்தாகிவிட்டது, இனி அங்கே என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்று நினைப்பார்கள். காலை பத்து மணிக்கு கேம்ப் வைத்தால் அன்றைய கூலி போய்விடும். நூறு நாள் வேலை முடியும் நேரம் பார்த்து வை. மறைப்புத் துணியும் கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று நீயே போய்ப் பார்த்துக்கொள். வந்துபோன பதினோரு பேரில் வாய்த்துடுக்கான ஒருத்தி நிச்சயம் இருப்பாள். “ஒண்ணும் வலிக்கலடி, அஞ்சு நிமிஷ வேலை” என்று அவள் மகளிர் குழுக் கூட்டத்தில் சொல்வது உன் நோட்டீஸை விட நூறு மடங்கு வேலை செய்யும். அடுத்த தடவை புதிதாக யாராவது வந்தால், போன தடவை ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதே. அந்தக் கேள்விக்குப் பயந்தே வராமல் நின்றுவிடுவார்கள்.

பேச்சோடு பேச்சாக, இரண்டு பேருக்குத் திட்டு இருந்தது, பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன் என்றாய். எனக்குக் கவலை அதில்தான். சீட்டு அலமாரியில் பாத்திரத்துக்கு அடியில் போய்விடும். ஒருத்தி புருஷனிடம் சொல்லப் பயப்படுவாள், இன்னொருத்திக்கு எந்தக் கட்டடம், எந்த வரிசை என்றே தெரியாது. அவர்களைத் தனியாக அனுப்பாதே. வருகிற திங்கட்கிழமை நீயே கூடப் போ. உனக்கு லீவு கிடைக்காவிட்டால் முந்தின நாள் ராத்திரியே போன் பண்ணு. நான் காலை முதல் பஸ்ஸில் வந்து இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தி