ஒற்றைக்குழல் துப்பாக்கியில் தலையிடைவெளி

பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்று ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கும் அங்கத்தினர் பலர், குழலின் உட்புறத்தைத் துடைப்பதில் காட்டும் அக்கறையை அதன் பின்வாய் பொருந்தும் இடத்தில் காட்டுவதில்லை. அபாயமோ அவ்விடத்திலேதான் உள்ளது.

தோட்டாவின் அடிவிளிம்பு குழலின் பின்வாயிலுள்ள பள்ளத்தில் அமர்கிறது. அப்பள்ளத்தின் தளத்திற்கும், துப்பாக்கியை மூடியவுடன் எதிர்நிற்கும் உருக்கு முகப்பிற்கும் உள்ள தூரமே தலையிடைவெளி (ஹெட்ஸ்பேஸ்) எனப்படும். பன்னிரண்டு போர் தோட்டாவின் விளிம்பு ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் கனமுடையது. இடைவெளி அதனினும் மயிரிழையளவே மிகுந்திருக்கலாம். நாடாப்பெட்டி அகன்றுவிட்டால் நாடா உள்ளே மோதித் திரும்புவதை நெசவாள அன்பர்கள் அறிவர். ஆனால் இங்கு மோதுவது மரக்கட்டையன்று. வெடிக்கும் கணத்தில் சதுர அங்குலத்திற்குப் பத்தாயிரம் பவுண்டளவில் அழுத்தம் எழுந்து தோட்டாவைப் பின்னோக்கித் தள்ளுகிறது. இடம் மிகுந்திருப்பின் அடிப்பாகம் தாங்குவாரின்றி உப்பிக் கிழியக்கூடும். கொதிவாயு சுடுபவரின் கண்ணை நோக்கிப் பாயும். ரைபிளில் அழுத்தம் நான்கைந்து மடங்கு. ஆகவே கேடும் பெரிது.

சுட்ட கூட்டைப் பார்த்தாலே பெரும்பாலும் உண்மை விளங்கும். நடுவிலுள்ள பிரைமர் வெளியே பிதுங்கியிருத்தல், அடிப்பித்தளை உப்பியிருத்தல், ரைபிள் கூடாயின் அடிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம் ஆகியவை அறிகுறிகள். தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்தபின், முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை அசைத்துப் பாருங்கள். கடகடவென ஆடினால் கீல் தேய்ந்துள்ளது. அடித்து மூடும் பழக்கமே இத்தேய்வை விரைவுபடுத்துகிறது.

மருந்தில்லாப் போலித் தோட்டாவின் அடியில் தாள் வட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டி மூடிப் பார்ப்பதும் உண்டு. எழுதுதாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர். இரண்டு மூன்று தாள் இட்டும் தடையின்றி மூடினால், அத்துப்பாக்கியால் சுடுவதை நிறுத்துக. விளிம்பின் கனம் தோட்டாவுக்குத் தோட்டா மாறுமாதலால் இது ஐயத்தை எழுப்பவே உதவும். தீர்ப்புக் கூறுவது பழுதுபார்ப்பவரிடமுள்ள அளவுகோலே.

தகரத்துண்டு செருகுவதும், பற்றவைத்து அராவுவதும் சில பட்டறைகளில் நடைபெறுகின்றன. செருகிய தகரம் சில வேட்டுகளில் நசுங்கிவிடும். பற்றவைக்கும் சூடு உருக்கின் பதத்தையே மாற்றும். முறையான பரிகாரம் தடித்த கீலாணி பொருத்தி, அளவுகோலால் சரிபார்ப்பதாகும். மேலும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. உரிமதாரர் தாமே செல்ல இயலாவிடில், அவரது எழுத்துமூலமான அதிகாரம் பெற்ற ஒருவர் பழுதுபார்க்கும் இடத்திற்குத் துப்பாக்கியைக் கொண்டு செல்ல 3-ஆம் பிரிவு இடந்தருகிறது.